ரோடு இல்லாத ரெண்டு மாசம்: ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியங்கள் லாக்டவுனில் என்ன செய்தார்கள்?

2020 மே மாசம். லாக்டவுன் கொஞ்சம் தளர்ந்த ஒரு காலை. ரெண்டு மாசமா அசையாம நின்ன எங்க வீட்டு ஸ்கூட்டரை அப்பா வெளியே தள்ளி செல்ஃப் அடிச்சார். 'டிக்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான். சோக் இழுத்து, கிக்கரை உதைச்சு உதைச்சு, அரை மணி நேரம் கழிச்சுதான் வண்டிக்கு உயிர் வந்தது. தெருமுனை மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டு போனோம். அவர் பேட்டரியைக் கழட்டிக்கிட்டே சொன்னார்: "ஓடுற வண்டி தேயும் சார். ஓடாத வண்டி கெடும்."

நான் அப்போ ப்ளஸ் ஒன். இப்போ மெக்கானிக்கல் ஃபைனல் இயர். நாலு வருஷத்தில் நான் கேட்ட பல லெக்சர்களை மறந்துட்டேன், அந்த ஒரு வரி மட்டும் மறக்கலை. அப்புறம் ஒரு கேள்வி வந்தது. ஒரு ஸ்கூட்டருக்கே இந்தக் கதின்னா, ஷெட்ல ஒரு போர்ஷே 911 ஜிடி3 வச்சிருந்தவங்க என்ன பண்ணியிருப்பாங்க? ஓட்டுறதுக்காகவே வாங்கின கார், ஓட்டவே கூடாதுன்னு அரசாங்க உத்தரவு.

"பணக்காரங்க கவலை நமக்கு எதுக்குடா?"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா அந்தக் காருக்கு நடந்த அதே இயற்பியல்தான் ஹாஸ்டல் வாசல்ல செமஸ்டர் லீவு முழுக்க நிக்கிற உங்க பைக்குக்கும் நடக்குது. அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் கடைசியில சொல்றேன்.

எல்லாமே ஒரே மூச்சில் நின்றது

கார் பிரியர்களுக்கு முதல் அடி ஜெனீவாவில் விழுந்தது. ஆயிரம் பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சிகளை சுவிட்சர்லாந்து அரசு 2020 பிப்ரவரி 28 அன்று தடை செய்தது. ஜெனீவா மோட்டார் ஷோவுக்கு அரங்குகள் எல்லாம் கிட்டத்தட்ட தயார். தொடங்க இன்னும் சில நாள்தான் இருந்தது. ஷோ ரத்து. புது கார்களை கம்பெனிகள் இணையத்தில்தான் அறிமுகப்படுத்தின.

மார்ச் 13 அன்று, ரசிகர்கள் மெல்போர்ன் மைதான வாசலில் நின்றுகொண்டிருந்தபோதே ஆஸ்திரேலிய ஃபார்முலா 1 பந்தயம் ரத்தானது. இத்தாலியில் ஃபெராரியின் மாரனெல்லோ தொழிற்சாலையும், லம்போர்கினியின் சான்ட்'அகாட்டா தொழிற்சாலையும் அதே வாரத்தில் மூடப்பட்டன. ஜெர்மனியில் காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கக்கூடிய நூர்பர்க்ரிங் பாதைக்கும் பூட்டு. ஜூனில் நடக்க வேண்டிய லெ மான் 24 மணி நேரப் பந்தயம் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. இங்கிலாந்தின் குட்வுட் வேகத் திருவிழாவும், கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் கார் கண்காட்சியும் அந்த வருஷம் நடக்கவே இல்லை.

இதெல்லாம் பெரிய பெயர்கள். சாதாரண கார் பிரியரை அதிகம் வாட்டியது ஒரு சின்ன இழப்பு. அமெரிக்காவில் வார இறுதிக் காலைகளில் ஏதாவது ஒரு கடை வாசலில் கார்களை நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, காபி குடிச்சுக்கிட்டே அரட்டை அடிப்பாங்க. 'கார்ஸ் அண்ட் காபி'ன்னு பேர். நம்ம ஊர் டீக்கடை பெஞ்ச் மாதிரின்னு வச்சுக்கோங்க. அதுவும் நின்னுபோச்சு.

சரி, நிற்கிற காருக்கு என்னதான் ஆகும்?

இங்கேதான் நம்ம சிலபஸ் வேலைக்கு வருது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பேட்டரி. கார் ஆஃப் ஆகி நின்றாலும் அலாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் ரிசீவர், கம்ப்யூட்டர்களின் நினைவகம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர்னு வச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 0.05 × 24 = 1.2 ஆம்பியர் ஹவர். 70 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் ஒரு மாசத்துக்கு 36 போய்விடும், அதாவது பாதிக்கு மேல். ரெண்டு மாசத்தில் கணக்குப்படி பூஜ்ஜியம். ஆனால் அதற்கு ரொம்ப முன்னாடியே செல்ஃப் மோட்டாரைச் சுற்ற முடியாத நிலை வந்துடும். அதோட, சார்ஜ் இல்லாமல் கிடக்கும் லெட் ஆசிட் பேட்டரியில் தகடுகள் மேல் லெட் சல்பேட் கெட்டிப்படும். அப்புறம் சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. அதனால்தான் ஸ்போர்ட்ஸ் கார்காரர்கள் ஒரு சின்ன சார்ஜரைச் சுவரில் மாட்டி, நாள்கணக்கில் காரோடு இணைத்தே வைப்பார்கள். பேட்டரி நிறைந்ததும் அது தானே கரண்ட்டைக் குறைத்துக்கொள்ளும். அது இல்லாதவங்க நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டி வச்சாலே பாதி பிரச்சினை முடிஞ்சது.

அடுத்தது டயர். 1,400 கிலோ காரில் ஒரு டயர் மேல் தோராயமா 350 கிலோ. காற்றழுத்தம் 32 பிஎஸ்ஐ என்றால், எடையை அழுத்தத்தால் வகுத்துப் பாருங்க. தரையைத் தொடும் இடம் சுமார் 155 சதுர சென்டிமீட்டர்தான் வரும். ஒரு ஏ4 தாளில் கால்வாசி! ரப்பரின் அதே கால் தாள் இடம், அதே வளைவில், வாரக்கணக்கில் நசுங்கியே இருந்தால் அங்கே தட்டையாகிவிடும். திரும்ப ஓட்டும்போது ஸ்டீயரிங் தடதடன்னு ஆடும். கொஞ்ச தூரம் ஓடி டயர் சூடானால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரொம்ப நாள் நின்றிருந்தால் சரியாகாது. அதனால் காற்றைக் கொஞ்சம் கூடுதலாக அடித்து வைப்பார்கள், இல்லைன்னா வாரம் ஒரு முறை காரை அரை அடி முன்னே தள்ளி வைப்பார்கள்.

பிரேக்கிலும் ஒரு விஷயம் இருக்கு. சாதாரண டிஸ்க் வார்ப்பிரும்பு. ஒரு ஈரமான ராத்திரியிலேயே மேலே மெல்லிய துரு படியும். ஓட்டும்போது பேட் உரசி அதைத் துடைத்துவிடும். ஓட்டாமல் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மாசக்கணக்கில் விட்டால் பேடும் டிஸ்க்கும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரில் போட்டு, சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பதுதான் முறை.

பெட்ரோலும் சும்மா இருக்காது. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். டேங்கை நிறைத்து வைத்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு, ஈரத்துக்கும் வழி குறைவு. நம்ம பங்க்குகளில் இப்போ 20 சதவீத எத்தனால் கலக்கிறாங்க, அதனால் இதை நீங்களும் ஞாபகம் வச்சுக்கோங்க.

கடைசியா எல்லாரும் செய்யும் ஒரு தப்பு: "தினமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சா போதும்." போதாது, சொல்லப்போனா அது கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வேறென்ன வரும்? இன்ஜின் நன்றாகச் சூடானால் அது ஆவியாக வெளியே போய்விடும். அஞ்சு நிமிஷத்தில் ஆயில் சூடாகாது. தண்ணீர் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கி உள்ளேயே அரிக்க ஆரம்பிக்கும். ஸ்டார்ட் பண்ணச் செலவான சார்ஜும் அஞ்சு நிமிஷத்தில் முழுசா திரும்பாது. ஓட்டினால் அரை மணி நேரம் ஒழுங்காக ஓட்டணும். முடியலைன்னா தொடவே கூடாது.

லாக்டவுனில் இதையெல்லாம் நிறைய பேர் முதல் தடவையாகக் கற்றுக்கொண்டார்கள். அதுவரை சர்வீஸ் சென்டரில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள், தங்கள் காருக்கு அடியில் முதல் முறையாகப் படுத்துப் பார்த்தார்கள்.

பந்தயம் வீட்டுக்குள் வந்தது

கார் ஷெட்டில் இருக்கிறது. ஓட்டணும்ங்கிற அரிப்பு? அதுக்கு சிம் ரேசிங் கை கொடுத்தது. இதை வீடியோ கேம்னு மட்டும் நினைக்காதீங்க. நல்ல சிம் ஸ்டீயரிங்குக்குள் ஒரு மோட்டார் இருக்கும். முன் டயர் பிடியை இழக்கும்போது ஸ்டீயரிங் லேசாவதைக் கையால் உணரலாம். பிரேக் பெடலில் லோட் செல் இருக்கும். பெடல் எவ்வளவு தூரம் போகுதுங்கிறதை விட, நீங்க எவ்வளவு பலமா மிதிக்கிறீங்கங்கிறதைத்தான் அது அளக்கும். ஸ்ட்ரெயின் கேஜ் லேப் ஞாபகம் இருக்கா? அதேதான்.

இல்லாதது ஒண்ணுதான்: உடம்பில் ஏறும் ஜி விசை. பின் சக்கரம் வழுக்குவதை நிஜ ஓட்டுநர் முதலில் உணர்வது முதுகாலும் இடுப்பாலும். சிம்மில் அந்தத் தகவல் வராது, கண்ணையும் கையையும் மட்டும் நம்பணும். நிஜ வீரர்கள் சிலர் ஆரம்பத்தில் அங்கே திணறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மார்ச் 22 அன்று ஃபார்முலா 1 தன் முதல் மெய்நிகர் பந்தயத்தை நடத்தியது. ஏப்ரல் 5 அன்று நடந்த அடுத்த பந்தயத்தில் ஃபெராரி வீரர் சார்ல்ஸ் லெக்லெர் வீட்டில் உட்கார்ந்தபடியே ஜெயித்தார். அதே லெக்லெர் அந்த நாட்களில் மொனாக்கோவில் செஞ்சிலுவைச் சங்கத்துக்குத் தன்னார்வலராகவும் வேலை செய்தார்.

ஸ்போர்ட்ஸ் கார் ரசிகர்களுக்கு உண்மையான விருந்து ஜூன் 13, 14 தேதிகளில் வந்தது. அசல் லெ மான் நடக்க வேண்டிய அதே வார இறுதியில் மெய்நிகர் லெ மான் 24 மணி நேரம். 50 கார்கள், 200 ஓட்டுநர்கள். நிஜப் பந்தய வீரர்களும் சிம் வீரர்களும் கலந்து ஓட்டினார்கள். நடுவில் சர்வர் படுத்துவிட்டதால் ரெண்டு முறை சிவப்புக் கொடி காட்ட வேண்டியதாயிற்று. நம்ம ஆன்லைன் செமஸ்டர் எக்ஸாம் மாதிரியேதான்! ஜெயித்த அணியில் லூயி டெலெட்ராஸ், ரஃபேல் மார்சியெல்லோ என்ற ரெண்டு நிஜ வீரர்கள். கூடவே போலந்தைச் சேர்ந்த ரெண்டு சிம் வீரர்கள். கோடிக்கணக்கில் செலவாகும் ஒரு விளையாட்டில், பெட்ரூமில் பழகிய பையன்கள் சரிசமமாக மேடை ஏறினார்கள். மேடைதான் இல்லை, அவ்வளவுதான்.

இதிலும் ஏமாற்றியவர் உண்டு. மே மாசம் நடந்த ஃபார்முலா இ மெய்நிகர் பந்தயத்தில் ஆடி அணியின் டேனியல் ஆப்ட் தனக்குப் பதிலா ஒரு சிம் வீரரை உட்கார வைத்தார். பிடிபட்டார். 10,000 யூரோ நன்கொடை கொடுக்கச் சொல்லி உத்தரவு. நிஜ அணியில் இருந்த இடமும் போனது. ப்ராக்ஸி போடுறவங்க கவனத்துக்கு!

காலி ரோடு என்ற பொறி

இதுவரை சொன்னது நல்ல பக்கம். இன்னொரு பக்கமும் இருக்கு, அதை மறைச்சா இந்தக் கட்டுரை பொய்யாகிடும்.

லாக்டவுனில் ரோடுகள் காலி. வேகத்தை விரும்புறவங்களுக்கு வாழ்நாளில் ஒரு முறை கிடைக்கும் காட்சி. அமெரிக்காவில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் இருக்கும் ரெடோண்டோ பீச் வரை, யார் குறைந்த நேரத்தில் போகிறார்கள் என்று சட்டத்துக்குப் புறம்பாக ஓட்டும் ஒரு பழக்கம் உண்டு. 'கேனன்பால்' என்று சொல்வார்கள். தூரம் சுமார் 4,500 கிலோமீட்டர். 2019 நவம்பரில் 27 மணி 25 நிமிடம் என்று ஒரு சாதனை வைத்தார்கள். 2020 ஏப்ரல் தொடக்கத்தில், நியூயார்க் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்த அதே நாட்களில், ஒரு குழு ஆடி ஏ8 காரில் 26 மணி 38 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. பெட்ரோல் போட நின்ற நேரத்தையும் சேர்த்துச் சராசரி மணிக்கு 170 கிலோமீட்டர் வருகிறது. கைதட்டியவங்க உண்டு. ஆனால் கார் உலகத்துக்குள்ளிருந்தே கடுமையான எதிர்ப்பும் வந்தது. ஒரு விபத்து நடந்திருந்தால் யாருடைய படுக்கையை, யாருடைய வென்டிலேட்டரை எடுத்துக்கொண்டிருப்பீர்கள் என்பதுதான் கேள்வி.

கேள்வி கற்பனையானது இல்லை. 2020-இல் அமெரிக்கர்கள் ஓட்டிய மொத்தத் தூரம் முந்தைய வருஷத்தை விட பத்து சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. சாலைச் சாவுகள் குறையணும், இல்லையா? கூடியது. அந்த வருஷம் 38,824 பேர் இறந்தார்கள், 2019-ஐ விட ரெண்டாயிரத்துக்கும் அதிகம். ரோடு காலியானால் கால் ஆக்ஸிலரேட்டரில் தானாக இறங்குகிறது. நெரிசலும் ஒரு வகை ஸ்பீடு பிரேக்கர்தான்னு அப்போதான் புரிந்தது.

எனக்கு இது புள்ளிவிவரம் மட்டும் இல்லை. என் அத்தை பையன், என்னை விட மூணு வயசு பெரியவன், 2020 ஜூனில் ஊர் பைபாஸில் பைக்கை முறுக்கினான். "யாருமே இல்லடா, ரன்வே மாதிரி இருந்துச்சு"ன்னு பிறகு சொன்னான். ரன்வேயில் ஒரு கன்னுக்குட்டி குறுக்கே வந்தது. தொடை எலும்பு முறிவு. ராத்திரி ரெண்டு ஆஸ்பத்திரியில் 'பெட் இல்லை' என்று சொல்லிவிட்டார்கள். மூணாவது இடத்தில் விடிகாலை நாலு மணிக்கு இடம் கிடைத்தது. அந்த வார்டு வராண்டாவில் மூச்சுத் திணறலோடு ஒரு தாத்தா ஸ்ட்ரெச்சரில் காத்திருந்ததை அத்தை இப்பவும் சொல்லுவாங்க. "நம்ம பையன் வேகமா போனதுக்கு அவர் காத்திருந்தார்டா." நாங்க யாரும் அதுக்குப் பதில் சொன்னதில்லை.

பிஸ்டன் செய்த மெஷினில் மூச்சுக் கருவி

அதே நாட்களில், அதே வேகப் பைத்தியத்தோடு வேறு சிலர் என்ன செய்தார்கள் என்று பாருங்க.

இங்கிலாந்தின் பிரிக்ஸ்வொர்த்தில் மெர்சிடிஸ் ஃபார்முலா 1 இன்ஜின் தயாரிக்கும் இடம் இருக்கிறது. மார்ச்சில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் பொறியாளர்களும் டாக்டர்களும் அவர்களோடு உட்கார்ந்தார்கள். தேவை, சிபேப் என்ற மூச்சு உதவிக் கருவி. மயக்கம் கொடுத்துத் தொண்டைக்குள் குழாய் இறக்காமல், முகமூடி வழியாகவே ஆக்ஸிஜன் கலந்த காற்றை அழுத்தத்தோடு தரும். நுரையீரலின் சின்னக் காற்றறைகள் சுருங்கி மூடாமல் அந்த அழுத்தம் தாங்கிப் பிடிக்கும். ஏற்கெனவே இருந்த ஒரு பழைய கருவியைப் பிரித்து, அளந்து, மறுபடி வரைந்து, முதல் கூட்டத்திலிருந்து நூறு மணி நேரத்துக்குள் முதல் கருவியைச் செய்துவிட்டார்கள். பிஸ்டனும் டர்போவும் செய்யும் சுமார் 40 மெஷின்களில் இந்தக் கருவிகள் உருவாயின. 10,000 கருவிகள் போய்ச் சேர்ந்தன. வடிவமைப்பை உலகத்துக்கே இலவசமாகவும் கொடுத்தார்கள்.

மாரனெல்லோவில், கார்களின் மாதிரி பாகங்களை அச்சிடும் 3டி பிரிண்டர்களில் ஃபெராரி சுவாசக் கருவி வால்வுகளைச் செய்தது. சான்ட்'அகாட்டாவில், லம்போர்கினி சீட்டுக்குத் தோல் தைக்கும் தையல் கலைஞர்கள் மாஸ்க் தைத்தார்கள். அவை போலோன்யா நகரின் சான்ட்'ஓர்சோலா ஆஸ்பத்திரிக்குப் போயின.

ரிவர்ஸ் இன்ஜினியரிங், டாலரன்ஸ், ஃப்ளோ ரேட்னு நாம எக்ஸாமுக்கு முதல் நாள் மனப்பாடம் செய்யும் அதே வார்த்தைகள், அங்கே நூறு மணி நேரத்தில் ஆள் மூச்சு விடும் கருவியாக மாறின. நேரத்தை மில்லி செகண்டில் எண்ணும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது. இந்த முறை எதிரே ஓடியது வேறு கார் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியில சொல்றேன்னு சொன்ன காரணம்

ஒரு ஆசையை அதிலிருந்து கழட்டிப் பார்த்தால்தான் அது எதனால் ஆனதுன்னு தெரியும். ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களிடமிருந்து ரோட்டை ரெண்டு மாசம் கழட்டி வைத்தார்கள். சிலரிடம் மிஞ்சியது வேகம் மட்டும்தான், அவங்க காலி ரோட்டைத் தேடிப் போனாங்க. மற்றவர்களிடம் மிஞ்சியது ஸ்பேனர் பிடிக்கும் கை, 'ஏன் இப்படி ஆகுது?'ன்னு கேட்கும் மூளை, ஞாயிற்றுக்கிழமை அரட்டைக்குக் காத்திருக்கும் நண்பர்கள். வண்டி நின்றபோதும் அவர்களுடைய காதல் கெட்டுப்போகலை.

இன்னும் சில மாசத்தில் நாமளும் காலேஜை விட்டு வெளியே போறோம். வேலை உடனே கிடைக்கும், கிடைக்காமலும் போகும். நாம ரொம்ப ஆசைப்பட்ட ஒண்ணு எப்போ வேணும்னாலும் பூட்டப்படலாம், மறுபடி ஒரு லாக்டவுன் வந்துதான் ஆகணும்னு இல்லை. அப்போ நம்ம கையில் என்ன மிஞ்சும்ங்கிறதை இப்பவே ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கலாம்.

எங்க ஸ்கூட்டர் இன்னும் ஓடுது. லீவுக்கு ஊருக்குப் போனா முதல் வேலையா நான் அதோட பேட்டரி வோல்டேஜைத்தான் பார்ப்பேன். மல்டிமீட்டரோட குனிஞ்சு நிக்கிற என்னைப் பார்த்து அப்பா சிரிப்பார். "என்னடா, ஃபெராரியா அது?"

நான் 12.6 வருதான்னு பார்த்துட்டுதான் பதில் சொல்லுவேன்.